எண்ணெய் குடிக்காத கம்பு மெஷின்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்தில் ஒரு மெஷின் புகைந்தது. அதைச் சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் அதைவிடக் கூடுதலாகப் புகைந்தார்கள்.

மெஷின் புகைந்ததற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. பெரிய மனிதர்கள் புகைந்ததற்கு...? சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட போகிற பஸ்ஸில் ஏறினால், பஸ் மூச்சு வாங்க ஆரம்பிக்கிற மேட்டிலேயே எங்கள் சந்து வந்துவிடும். இறங்கி, படி படியாகக் கீழே வரவேண்டும். சந்தின் கடைசியில் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் மண்டபம். மண்டபம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு சுவர், மேலே கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீட், அவ்வளவுதான். காலையில் அங்கே புஷ்பா டீச்சரின் முன்பள்ளி நடக்கும். பின்னேரத்தில் சங்கக் கூட்டம் நடக்கும். காலையில் வருகிறவர்கள் சொன்னால் கேட்பார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் பேசமாட்டார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு அல்பீசியா மரம் நிற்கிறது. தேயிலைத் தோட்டப் பக்கத்து ஆட்களுக்கு அல்பீசியாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வளர்வதில் அவசரம். முறிவதில் அதைவிட அவசரம்.

மார்கழிக் காற்றில் அதன் பெரிய கிளை ஒன்று முறிந்தது. முழுசாக முறிந்து விழுந்திருந்தால் ஒரு சீட்டோடு போயிருக்கும். அது பாதி முறிந்து, பட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மண்டபத்துக் கூரைக்கு நேர் மேலே நின்றுவிட்டது. கூரைக்கு நேர் கீழேதான் பிள்ளைகள் உட்காருகிற அந்தச் சின்னச் சின்னக் கதிரைகள்.

"டீச்சர், அந்தக் கொப்பை எடுக்குற வரைக்கும் பிள்ளைய அனுப்ப மாட்டோம்." தாய்மார் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் என்ன பிழை? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை முன்பள்ளி திறக்க வேண்டும். டவுனில் புதிதாக ஒரு இங்கிலீஷ் முன்பள்ளி வந்திருக்கிறது. மஞ்சள் வேன், சீருடை, வாசலில் யானைக்குட்டி பொம்மை. அந்த வேன் எங்கள் மேட்டு ரோட்டிலேயே வந்து நின்று ஹோர்ன் அடிக்கிறது. ஒரு தடவை அந்த வேனில் ஏறிய பிள்ளை திரும்பி எங்கள் மண்டபத்துக்கு வராது. புஷ்பா டீச்சருக்கு இது பொழுதுபோக்கு அல்ல, சோறு. அவரும் அவருடைய அம்மாவும் அந்த மண்டபத்தை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள்.

ஆகவே, திங்கட்கிழமைக்கு முன்னால் கொப்பு இறங்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசித்தார்கள்.

முதலில் தெல்தெனியவிலிருந்து மரம் ஏறுகிற ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "அல்பீசியாவா? எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குங்க" என்றார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். இந்தக் கதையில் புத்தியோடு நடந்துகொண்ட முதல் ஆண் அவர்தான்.

பிறகுதான் சங்கம் கூடி அந்த மெஷினை வாங்கியது. நீளமான கம்பு ஒன்று. கம்பின் மேல் நுனியில் ஒரு குட்டி வாள், அதைச் சுற்றிச் செயின் ஓடும். கீழ் நுனியில் பெற்றோல் எஞ்சின். மரத்தில் ஏறாமல், நிலத்தில் நின்றபடியே கிளையை அறுக்கலாம். பெட்டியில் இங்கிலீஷில் அதற்கு 'போல் புரூனர்' என்று பெயர் போட்டிருந்தது. எங்கள் சந்து அதற்குக் 'கம்பு மெஷின்' என்று பெயர் வைத்தது. எங்கள் பெயர்தான் நல்ல பெயர்.

வாங்கியாயிற்று. அறுக்க வேண்டியதுதானே?

ஐயோ... பூஜை வைக்காமலா?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பூஜையோடு ஒரு சண்டையும் இல்லை. என் தையல் மெஷினுக்கு வருசா வருசம் பொட்டு வைக்கிறவள்தான் நான். புது ஓட்டோ வந்தால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் யாரும் ஓட்ட மாட்டார்கள், சரி. ஆனால் எங்கள் தலைவர் சிவலிங்கம் இருக்கிறாரே, கந்தோர் ஒன்றில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர், அவருக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். முறை எது என்பதையும் அவரே சொல்வார்.

"மெஷினைப் பூட்டிட்டு வச்சா அது வேலை செஞ்ச மெஷின் கணக்கு. புதுசா, பிரிச்ச மாதிரியே இலைல வைக்கணும்" என்றார்.

எந்தச் சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதோ. வாழை இலை போட்டு, எஞ்சினைத் தனியாக, கம்பைத் தனியாக, செயினைத் தனியாக, செயின் சுற்றி ஓடுகிற நீட்டுத் தகட்டைத் தனியாக, கூட வந்த ஸ்பேனரையும் விடாமல் வரிசையாகப் பரப்பினார்கள். அந்தத் தகட்டுக்கு 'பார்' என்று பெயர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சந்தனம் குழைத்தாயிற்று. இனி முதல் பொட்டு யார் வைப்பது?

தலைவர்தான் என்று தலைவர் சொன்னார். செயலாளர் மோகன் ஓட்டோ ஓட்டுகிறவர். "மெஷின் டவுன்ல இருந்து வந்ததே என் ஓட்டோலதான்" என்றார். பொருளாளர் தனபாலுக்கு ஒரு கைபேசிக் கடை இருக்கிறது. "மொடலைத் தேடிப் பாத்துச் சொன்னது யாரு?" என்று கேட்டார். சாம்பிராணி புகைந்து முடிகிற வரைக்கும் பேச்சு நடந்தது. கடைசியில் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் வைப்பது!

வைத்தார்கள். தலைவர் மூன்று விரலால் சந்தனத்தை வழித்து வைத்தார். அதன் மேல் மோகன் வைத்தார். அதன் மேல் தனபால் வைத்தார். நிர்வாக சபை உறுப்பினர்கள் விடுவார்களா? மேலே குங்குமம். அந்த பாருக்கு நெற்றி எந்தப் பக்கம் என்று சின்னக் குழப்பம் வந்தது. அகலமான பக்கம்தான் நெற்றி என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். மெஷினோடு வந்த விளக்கப் புத்தகத்துக்கும் ஒரு பொட்டு விழுந்தது, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு படம். படங்கள் எல்லாம் உடனுக்குடன் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவுக்குப் போயின. புஷ்பா டீச்சர் ஒரு ஓரமாக நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மட்டும் மெஷினைப் பார்த்துக் கும்பிடவில்லை, மேலே தொங்கிய கொப்பைப் பார்த்துக் கும்பிட்டார்.

பூஜை முடிந்து மோகன் துண்டுகளைச் சேர்த்து மெஷினைப் பூட்ட உட்கார்ந்தார். பாரைத் துணியால் துடைக்கப் போனார்.

"ஏய் ஏய்! பொட்டை அழிக்காத. அபசகுனம்" என்றார் தலைவர்.

அழிக்கவில்லை. அப்படியே பூட்டினார்.

சனிக்கிழமை காலை. எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கத்துக்காக முதலில் பக்கத்து மேட்டில் இருந்த ஒரு சின்னக் கிளையை மோகன் அறுத்தார். அறுந்தது. இரண்டாவது கிளையில் பாதி போகும்போது மேலிருந்து புகை. மரப் புகை அல்ல. கருகிய இரும்பின் வாசம். செயின் கீச்சென்று கத்தி, இறுகி, நின்றுவிட்டது. தண்ணீரைத் தெளித்தால் சீறுகிற அளவுக்குச் சூடு.

எனக்கு மெஷின் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இரும்போடு இரும்பு உரசி இப்படிக் கத்தினால் நடுவில் எண்ணெய் இல்லை என்று அர்த்தம். தையல் மெஷின் வைத்திருக்கிற எந்தப் பொம்பிளையைக் கேட்டாலும் சொல்வாள்.

"மோகன், செயினுக்கு எண்ணெய் ஊத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"என்னக்கா இப்புடிக் கேக்குறீங்க? பெற்றோல்லயே டூ-டி ஒயில் கலந்துதானே ஊத்தியிருக்கேன். பழைய ஓட்டோ எல்லாம் அப்புடித்தானே ஓடுச்சு?"

கலந்தது எஞ்சினுக்கு. எஞ்சின் இருப்பது கம்பின் கீழ் நுனியில். செயின் இருப்பது மேல் நுனியில். கீழே ஊற்றிய எண்ணெய் என்ன, ஏணி வைத்தா மேலே ஏறும்? மேலே வாளுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி டாங்க் இருந்தது. அதன் மூடியில் ஒரு துளியும் ஒரு செயினும் படமாகப் போட்டிருந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் படம் போடுகிறார்கள்.

"அப்ப இது என்ன?" என்று காட்டினேன்.

"அது எக்ஸ்ட்ரா டாங்க் அக்கா" என்றார் மோகன். முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

திறந்து பார்த்தால் உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை.

சரி, கண்டுபிடித்தாயிற்று. செயினுக்கென்று விற்கிற ஒயிலை வாங்கி ஊற்றினால் வேலை முடியும். அப்படி முடிந்துவிட்டால் தலைவர் எதற்கு? வீட்டுக்குப் போனார். ஒரு போத்தலோடு வந்தார். தேங்காய் எண்ணெய்.

"சுத்தமான எண்ணெய். சாமி வெளக்குக்கே இதைத்தான் ஊத்துறோம். மெஷினுக்கு ஆகாதா?"

விளக்கு எரிய வேண்டியது, தலைவரே. மெஷின் எரியக் கூடாதது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஊற்றிவிட்டார். ஊற்றி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. 'நாளைக்குப் பார்ப்போம்' என்று கம்பு மெஷினை மண்டபத்து வாசலில் சாத்திவிட்டுக் கலைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தை மாதக் குளிர் எங்கள் மேட்டில் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா? கம்பளிக்குள்ளிருந்து காலை வெளியே நீட்ட மனம் வராது. தலைக்கு வைக்கிற எண்ணெய் போத்தலுக்குள் மெழுகாகிவிடும். வெயில் வருகிற ஜன்னலில் வைத்தோ, கேத்தல் பக்கத்தில் வைத்தோ உருக்கித்தான் எடுக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். தலைவருக்கும் தெரியும். அன்று காலையிலும் அவர் அப்படித்தான் உருக்கித் தலைக்கு வைத்திருந்தார், வகிடு பளபளத்தது.

டாங்கைத் திறந்தால்... வெள்ளை வெளேரென்று, கரண்டி போட்டு அள்ளுகிற பதத்தில்!

"அது சூட்டுல உருகிடும்" என்றார் தலைவர்.

எந்தச் சூட்டில்? எஞ்சின் சூடு கீழே. டாங்க் மேலே. இதைத்தானே நேற்றும் பேசினோம்?

ஓட்டிப் பார்த்தார்கள். கீச். புகை. நின்றது.

இப்போது தனபாலின் முறை. அவர் கைபேசியில் ஒரு வீடியோவைப் பெரிய சத்தத்தில் போட்டார். எந்த நாட்டிலோ, புல் வெட்டிய தோட்டத்தில் நின்று, ஒரு வெள்ளைக்காரர் எதையோ திருகிக்கொண்டிருந்தார். தனபாலும் திருகினார். எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற திருகாணி எது, செயினை இறுக்குகிற திருகாணி எது என்று பார்க்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் திருகினார். அந்த வீடியோக்காரர் வைத்திருந்தது வேறு மெஷின் என்று நான் சொன்னேன். "எல்லாம் ஒரே சிஸ்டம்தான்" என்றார். கீச். புகை. நின்றது.

பாருங்கள், ஒரு பொருள் ஓடவில்லை என்றால் நம் ஆட்களுக்கு அதைத் திறந்து பார்க்கத் தோன்றாது. அபிப்பிராயம்தான் தோன்றும். அபிப்பிராயத்துக்கு ஸ்பேனர் தேவையில்லை, கையில் கிரீஸ் படாது, பிழைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு கூட்டத்தில் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். அத்தனையும் ஒயில் போடாத செயின் போலவே உரசி உரசிச் சூடாகும்!

கடைசியில் யாருக்கோ புத்தி வந்து மேட்டு ரோட்டு ஹார்ட்வெயார் கடைக்கு ஆள் அனுப்பினார்கள். கடைக்காரர் பாரூக் நானா ஞாயிறென்றும் பார்க்காமல் கடையைத் திறந்து, செயின் ஒயில் போத்தலோடு தானே படியிறங்கி வந்தார். உறைந்த தேங்காய் எண்ணெயை வழித்து எடுத்து, பெற்றோல் விட்டு டாங்கை அலசி, புது ஒயிலை ஊற்றினார்கள். எனக்கும் நம்பிக்கை வந்தது. புஷ்பா டீச்சர் எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்.

ஓட்டினார்கள். கீச். புகை.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாரூக் நானா பக்கம் திரும்பினார்கள்.

"நானா, ஒயில் டூப்ளிகேட்டா?" என்றார் தலைவர். நேற்று மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றியவர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

நானாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போத்தலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக் காட்டினார்.

"என்ன பேச்சு பேசுறீங்க? இது எப்புடி ஈக்கி பாருங்கொ. வழுவழுண்டு ஈக்கி. என்ட ஒயிலக் கொற செல்ல வேணாம். உள்ளுக்கு ஊத்தின ஒயில் வெளிய வருதாண்டு ஒருத்தராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. இனிப் பார்க்கப்போவதும் இல்லை. ஏனென்றால் அதற்குள் 'டூப்ளிகேட் பொருட்கள் நாட்டுக்குள் எப்படி வருகின்றன' என்பது பற்றித் தனபால் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் அந்தக் காற்று வந்தது.

பள்ளத்தாக்கிலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு வந்தது. மேலே கொப்பு முனகியது. பட்டை கிழிகிற சத்தம் நன்றாகக் கேட்டது. கொப்பு ஒரு சாண் இறங்கி, திரும்பவும் பிடித்துக்கொண்டது. அதில் இருந்து ஒரு காய்ந்த துண்டு கழன்று கூரையில் விழுந்தது. சீட் உடைந்த சத்தம். உள்ளே ஏதோ உருளுகிற சத்தம்.

புஷ்பா டீச்சர் உள்ளே இருந்தார்.

யாருக்கும் தெரியாது. பிளேன்டீ கோப்பைகளைக் கொடுத்துவிட்டு அவர் பேசாமல் உள்ளே போய், கதிரைகளையும் பிள்ளைகளின் சாமான்களையும் ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த ஆட்களை நம்பிப் பிரயோசனமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூலையிலாவது நாலு பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு உயிரே போய்விட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். தலை முழுக்கத் தூசியோடு, ஒரு கையில் வெள்ளைச் சித்திரத் தாள்களின் கட்டு, மறு கையில் ஒரு குட்டிக் கதிரையோடு டீச்சர் நின்றிருந்தார். அந்த மரத்துண்டு இரண்டு கதிரைகளுக்கு நடுவில் கிடந்தது. திங்கட்கிழமை அந்தக் கதிரைகளில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றில் எங்கள் பக்கத்து வீட்டு மீனு. அவளுக்கு இன்னும் காலில் சப்பாத்து மாட்டத் தெரியாது.

"எனக்கு ஒன்னுமில்ல அக்கா" என்றார் டீச்சர். பிறகு, மெதுவாக, "இவங்க இன்னைக்கு வெட்டுவாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய் என்ன பேசினேன் என்று இந்தப் பத்தியில் எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். எல்லோரையும் மண்டபத்துக்கு எட்டத் தள்ளி நிற்கச் சொன்னேன். விளக்கப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு, உறை பிரிக்காமல் பத்திரமாக இருந்தது. கிழித்துத் திறந்தேன். தலைவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

செயினுக்கு எண்ணெய் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் படத்தோடு போட்டிருந்தது. வெளிறிய நிறத்தில் எதையாவது கீழே விரித்து, வாள் நுனியை அதற்கு நேராகப் பிடித்து, தொடாமல் ஓட்டுங்கள். எண்ணெய் வந்தால் அதில் கோடு விழும்.

டீச்சரின் கையிலிருந்து ஒரு சித்திரத் தாளை வாங்கி நிலத்தில் விரித்தோம். மோகன் ஓட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

பாரூக் நானா போத்தல் மூடியை இறுக்கிக்கொண்டே தலைவரை மட்டும் பார்த்தார்.

ஆக, டாங்கில் ஒயில் இருக்கிறது. வெளியே வரவில்லை. அப்படியென்றால் வழியில் எங்கோ அடைப்பு. பாரைக் கழற்றி, அதில் எண்ணெய் இறங்குகிற சின்னத் துவாரத்தைப் பாருங்கள் என்று அடுத்த வரி. மோகன் மெஷினை அணைத்து, ஆறவிட்டு, கவரைக் கழற்றி, பாரை உருவி எடுத்தார்.

பாரின் அகலமான பக்கம். அதாவது, நெற்றி.

அதில் ஒரு அடை அப்பியிருந்தது. கீழே மஞ்சள், நடுவில் பழுப்பு, மேலே சிவப்பு. செயினின் சூட்டில் வெந்து, தேங்காய் எண்ணெயில் ஊறி, திரும்ப இறுகி, சீமெந்து போல ஆகியிருந்தது. சுரண்டினால் சந்தன வாசம் வந்தது. அடைக்கு அடியில் இருந்தது துவாரம். எள்ளு ஒன்று இறங்குகிற அளவுதான் இருக்கும். எண்ணெய் வருகிற ஒரே வாசல் அதுதான். அதைத்தான் எங்கள் நிர்வாக சபை, ஆள் மாற்றி ஆள், பக்தியோடு பூசி மெழுகியிருக்கிறது.

மோகன் பாரை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"யாரு இதுக்குப் பொட்டு வச்சது?" என்று நான் கேட்டேன்.

"நான் எஞ்சினுக்குத்தான் வச்சேன்" என்றார் மோகன்.

"நான் ஸ்பேனருக்கு" என்றார் தனபால்.

"நான் எதுக்கும் வைக்கலையே! தட்டைப் பிடிச்சுக்கிட்டுதானே நின்னேன்" என்றார் தலைவர்.

முதல் பொட்டுக்குச் சண்டை பிடித்த ஊர் இதுதானா? அன்றைக்கு எல்லாவற்றுக்கும் எல்லோரும் வைத்தார்கள். இன்றைக்கு அந்த பாருக்கு மட்டும் யாருமே வைக்கவில்லை. சந்தனம் தானாகக் கிளம்பிப் போய் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது! நம் ஊரில் எந்தச் சபையை எடுத்தாலும் இதே கதைதான். மாலை போடும்போது எல்லோருக்கும் கழுத்து இருக்கும். பிழை வரும்போது ஒருவருக்கும் கை இருக்காது.

டீச்சர் அதற்குள் தன் கொண்டை ஊசியை உருவி, குந்தி உட்கார்ந்து, துவாரத்தைக் குத்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். செயின் ஓடுகிற பள்ளத்தையும் ஊசியால் இழுத்து வழித்தார். மோகன் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்தார். இந்த முறை 'பொட்டை அழிக்காத' என்று யாரும் சொல்லவில்லை. தனபால் திருகிவிட்ட திருகாணிகளை ஒவ்வொன்றாகப் புத்தகத்தைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல, மோகன் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

திரும்பவும் தாளுக்கு நேரே பிடித்து ஓட்டினார். வெள்ளைத் தாளில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் தடிப்பாக.

புஷ்பா டீச்சர் அழுதுவிட்டார். ஒரு எண்ணெய்க் கறையைப் பார்த்து ஒருவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொப்பைக் கயிறு போட்டு மேட்டுப் பக்கமாக இழுத்துக் கட்டினார்கள். மோகன் நேர் கீழே நிற்காமல், பக்கவாட்டில் மேட்டில் ஏறி நின்று, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து வந்தார். சும்மா சொல்லக் கூடாது, அதை நன்றாகவே செய்தார். செயின் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பாரூக் நானா கயிற்றைப் பிடித்தார். தலைவர் எட்ட நின்று, "இடது... இடது... வலது" என்று எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காத உத்தரவுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டு மேட்டில் விழுந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. உடைந்த சீட்டுக்குப் பதிலாக நானா கடையிலிருந்து ஒன்று வந்தது.

வீட்டுக்கு வந்து வட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். பூஜைப் படங்களைத் தேடினேன். எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிற படம் இருந்தது. ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கிற படம் இருந்தது. பாருக்கு மூன்று விரலால் வழித்து வைத்தபடி தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று இருந்ததே... அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருந்தது. அந்தத் துவாரத்தைக் கண்டுபிடித்துத் துப்புரவாக்க இரண்டு நாள் போனது. இந்தத் துப்புரவு எவ்வளவு விரைவாக நடந்திருக்கிறது!

திங்கட்கிழமை காலை முன்பள்ளி திறந்தது. மேட்டில் மஞ்சள் வேன் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. தாய்மார் வந்து, மேலே பார்த்து, வெறும் வானத்தைக் கண்டு, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள். மீனு சப்பாத்தைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வந்து, அதே கதிரையில் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்திருந்தது. கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அப்போது தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. கையில் ஒரு தட்டு. தட்டில் குழைத்த சந்தனம்.

"டீச்சர், நான் யோசிச்சுப் பாத்தேன். மெஷினுக்குக் கண் பட்டிருக்கு. இல்லாட்டி புது மெஷின் இப்புடிப் பண்ணுமா? அதான், இன்னைக்கு நல்ல நேரத்துல இன்னொரு சின்னப் பூஜை போட்டு, ஒரு பொட்டை வச்சிட்டா..."

மூன்று நாளாகச் சங்கத்து ஆட்களிடம் வாயைத் திறக்காத புஷ்பா டீச்சர், ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிற அதே குரல்தான்.

"வைங்க தலைவரே. ஆனா பொட்டை உங்க நெத்தியிலயே வைங்க. அங்க அடைச்சா ஒன்னும் நின்னு போகாது."